கோடிக்கரை: ஒரு வாராக்கடன்

பொன்னியின் செல்வன் படங்கள் வந்த 2022, 2023 ரெண்டு வருஷமும் பெங்களூரில் தமிழ் பேசுகிற வீடுகளில் எல்லாம் சோழர்கள்தான் குடியிருந்தார்கள். எங்கள் அபார்ட்மெண்ட் வாட்ஸப் குழுவில் காலை வணக்கத்துக்குப் பதிலாகப் புலிக்கொடி வந்தது. ராஜேந்திரன் கப்பல்கள் எத்தனை, கடாரம் எத்தனை நாள் பயணம் என்று ராத்திரி பதினோரு மணி வரைக்கும் விவாதம். ஆபீஸில் கன்னடக்கார நண்பர் ஒருவர், "உங்க ஆட்கள் எல்லாம் திடீர்னு கப்பல் ஓட்டற மாதிரி நடக்கறாங்களே?" என்று கேட்கும் அளவுக்குப் போனது.

எல்லாம் சந்தோஷம்தான். நானும் முதல் நாள் முதல் காட்சி பார்த்தவன். ஆனால் இவ்வளவு பேரில் ஒருத்தர், ஒரே ஒருத்தர், "கல்கி எழுதினாரே, பூங்குழலியோட அப்பா தியாகவிடங்கர் விளக்கேத்தற கோடிக்கரை கலங்கரை விளக்கம், அது இப்ப எங்கேப்பா இருக்கு?" என்று கேட்கவில்லை.

கேட்காததால் நானே சொல்கிறேன். அது இல்லை. எங்கள் பக்கத்தில் தலைமுறை தலைமுறையாக 'சோழர் கால கலங்கரை விளக்கம்' என்று சொல்லிவந்த பழைய செங்கல் கோபுரத்தின் மிச்சம் 2004 டிசம்பர் 26 வரைக்கும் கோடிக்கரையில் நின்றது. அன்றைய சுனாமியில் போய்விட்டது. இப்போது இருப்பது அடியில் சிதைந்து கிடக்கிற கட்டுமானம் மட்டும்தான்.

இந்தப் பதிவு அதைப் பற்றித்தான். கொஞ்சம் சூடாக இருக்கும். வாட்ஸப் சோழர்கள் மன்னிக்கணும் :-)

எனக்குச் சொந்த ஊர் திருத்துறைப்பூண்டி. பெரிய அத்தையை வேதாரண்யத்தில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். ஆடி அமாவாசை, தை அமாவாசை என்றால் குடும்பத்தோடு கோடிக்கரைக்குக் கடல் குளிக்கப் போவோம். வேதாரண்யத்திலிருந்து பத்துப் பதினோரு கிலோமீட்டர்தான். ஆனால் வேறு கிரகத்துக்குப் போகிற மாதிரி இருக்கும். முதலில் உப்பளம். கண்ணுக்கு எட்டின தூரம் வெள்ளை வெள்ளையாக உப்புக் குவியல். 1930 ஏப்ரலில் ராஜாஜி திருச்சியிலிருந்து நடந்து வந்து உப்பெடுத்த பூமி. அப்புறம் சேறும் உப்பும் கலந்த சதுப்பு, சீசனில் பூநாரைகள். அப்புறம் முள்ளும் பாலை மரமுமாகக் குட்டைக் காடு, புல்வெளியில் வெளிமான், யாருக்கும் சொந்தமில்லாத குதிரைகள். கடைசியில் மணல், கடல், காற்று. பாலைவனம் என்று சொன்னால் சண்டைக்கு வருவார்கள், அங்கே நல்ல தண்ணீர் ஊற்று உண்டு. ஆனால் சித்திரை மத்தியானத்தில் அந்த உப்பு வெளியில் நின்று பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

அந்தத் தனிமை இன்றைக்கு நேற்று வந்தது இல்லை. அங்கே இருக்கிற குழகர் கோயிலைப் பாடின சுந்தரர், இப்படிக் கடல் காற்று அடிக்கிற கரையில், பக்கத்தில் குடியும் இல்லாமல், ஏன் தனியாக வந்து உட்கார்ந்திருக்கிறாய் என்று சிவனையே கேட்கிறார். கடவுளைப் பார்த்தே பரிதாபப்பட வைக்கிற ஊர்!

அப்படிப்பட்ட இடத்தில் எதற்கு விளக்கு? ஒரு மேப்பை எடுத்துப் பாருங்கள். சென்னையிலிருந்து நேராகத் தெற்கே வருகிற கரை, கோடிக்கரையில் சட்டென்று மேற்கே மடங்குகிறது. எதிரே இலங்கை. நடுவில் பாக் நீரிணை, ஆழம் குறைந்த கடல். மலையோ குன்றோ கிடையாது, கரை முழுக்கத் தட்டை. கடலிலிருந்து பார்க்கிறவனுக்கு இருட்டினால் அடையாளம் என்று ஒன்றும் இருக்காது. திரும்ப வேண்டிய முனை எது என்று யாராவது சொன்னால்தான் உண்டு. அதனால்தான் இன்றைக்கும் அங்கே மத்திய அரசின் கலங்கரை விளக்கம் எரிகிறது. தேவை மாறவில்லை. பழைய கோபுரம்தான் போச்சு.

'கலங்கரை விளக்கம்' என்ற சொல்லையே கவனியுங்கள். கலம் என்றால் கப்பல். கரைதல் என்றால் அழைத்தல், காக்கா கரைகிற மாதிரி. கப்பலைக் கூப்பிடுகிற விளக்கு. சிலப்பதிகாரத்தில் இந்தச் சொல் வருகிறது. அதற்கும் முந்தைய பெரும்பாணாற்றுப்படையில், துறைமுகப் பட்டினத்தில் ஏணி சார்த்தி ஏறவேண்டிய உயரமான மாடத்தில் ராத்திரி தீ மூட்டி, கடலில் வழி தெரியாமல் வருகிற கலங்களைக் கூப்பிடுகிற காட்சி இருக்கிறது. இவ்வளவு அழகான சொல்லை வைத்திருக்கிற ஜனங்கள் அந்தப் பொருளை என்ன பண்ணினோம் என்பதுதான் என் கேள்வி.

போன மாதம் லஞ்ச் டேபிளில் இந்தப் பேச்சை எடுத்தேன். எங்கள் கிளையில் மூணு தமிழர்கள். ஒரு தம்பி (மதுரைக்காரர், என்னைவிடப் பதினஞ்சு வயசு சின்னவர்) உடனே சொன்னார்:

"சார், அது சுனாமி சார். யார் என்ன பண்ணியிருக்க முடியும்?"

நியாயமான கேள்வி போலத் தெரியும். அன்றைக்கு நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் செத்துப்போனார்கள். குழந்தைகளைத் தேடிக்கொண்டிருந்த கரையில் எந்தக் கோபுரம் விழுந்தது என்று யாரும் பார்க்கவில்லை, பார்த்திருக்கவும் கூடாது. அந்த நாளைப் பற்றி எனக்கு யார் மேலும் குறை இல்லை. என் கோபம் அதற்கு முன்னால் போன வருஷங்கள் மேல். கல்கி பத்திரிகையில் பொன்னியின் செல்வன் தொடர் 1950-ல் ஆரம்பித்தது. அதாவது அந்த இடம் தமிழ் படிக்கத் தெரிந்த எல்லோருக்கும் தெரிந்த இடமாகி 54 வருஷம் கழித்துத்தான் சுனாமி வந்தது. 54 வருஷம்! ஒரு ஆள் கிளார்க்காகச் சேர்ந்து மேனேஜராக ரிடையர் ஆகி, பேரன் கல்யாணமும் பார்த்துவிடலாம். அந்தக் கோபுரம் என்ன உயரம், சுவர் என்ன கனம், எந்தக் காலத்துச் செங்கல் என்று எழுதிவைத்த புத்தகம் எத்தனை பேர் வீட்டில் இருக்கிறது? நாவல் மட்டும் எல்லார் வீட்டிலும் இருக்கிறது, அஞ்சு பாகம், பைண்டு பண்ணி.

அடுத்தது இன்னொருத்தர். இவர் கொஞ்சம் விஷயம் தெரிந்தவர்.

"அது சோழர் கட்டினதுன்னு என்ன சார் ஆதாரம்? கல்வெட்டு இருக்கா?"

முதலாம் பராந்தகன் காலம், அதாவது பத்தாம் நூற்றாண்டு என்று வழிவழியாகச் சொல்கிறார்கள். கதை என்று சந்தேகப்படுகிறவர்கள் தாராளமாகச் சந்தேகப்படலாம். நான் லோன் டிபார்ட்மெண்டில் இருந்தவன், சந்தேகப்படுவதற்குத்தான் சம்பளம் வாங்கினேன். ஆனால் எங்கள் தொழிலில் ஒரு முறை உண்டு. சொத்துக்கு மூலப்பத்திரம் இல்லையென்றால் வில்லங்கம் போட்டுப் பார்ப்போம், சர்வேயரை அனுப்புவோம், அக்கம்பக்கம் விசாரிப்போம். "மூலப்பத்திரம் இல்லையா, அப்ப வீடு இடிஞ்சா என்ன" என்று எந்த மேனேஜரும் சொன்னது கிடையாது. செங்கல் எப்போது சுட்டது என்று சொல்ல வெப்ப ஒளிர்வு என்கிற முறை இருக்கிறது. சுண்ணாம்புக் காரையில் கரித்துண்டு மாட்டியிருந்தால் கார்பன் முறை இருக்கிறது. செங்கல் அளவை வைத்தே ஓரளவு காலம் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். சோழனா, பின்னால் வந்த நாயக்கனா, டேனிஷ்காரனா, வெள்ளைக்காரனா, எவனாக இருந்தால் என்ன? கடைசியில் வெள்ளைக்காரன் கட்டினது என்றே தெரியவரட்டும், அப்போதும் அது நம்ம கரையில் நின்ற பழைய விளக்குத்தான். ஆதாரம் இல்லை என்று சொல்கிறவர்தான் எல்லாருக்கும் முன்னால் போய் அதைக் காப்பாற்றச் சொல்லியிருக்க வேண்டும். ஆதாரம் கிடைக்கிற ஒரே இடம் அதுதானே!

மூணாவது கேள்வி, எனக்கு ரொம்பக் கோபம் வந்த கேள்வி. "அதனால என்ன பிரயோஜனம்? டூரிஸ்ட் வருவானா?"

பி.காம். படித்தவர்கள் எல்லோருக்கும் கலங்கரை விளக்கம் பொருளாதாரப் புத்தகத்தில் அறிமுகம். பொதுப் பண்டம் என்றால் என்ன என்று கேட்டால் பரீட்சையில் எழுதுகிற உதாரணம். விளக்கு வெளிச்சத்தை எல்லாக் கப்பலும் பார்க்கலாம், காசு கொடுக்காதவன் கண்ணை மூட முடியாது, அதனால் தனியார் கட்டமாட்டான், அரசுதான் கட்டணும். ஜான் ஸ்டூவர்ட் மில் சொன்னார், சாமுவேல்சன் சொன்னார், எங்கள் வாத்தியார் சொன்னார், நாங்கள் எழுதினோம், மார்க்கும் வாங்கினோம். ரொனால்டு கோஸ் என்று ஒருத்தர் (1991-ல் நோபல் பரிசு வாங்கினவர்) 1974-ல் ஒரு கட்டுரை எழுதினார். இவ்வளவு பேர் உதாரணம் சொன்னார்களே, யாராவது போய்ப் பார்த்தீர்களா என்று கேட்டு, இங்கிலாந்தின் பழைய கணக்குகளைப் புரட்டினார். அங்கே ரொம்ப காலம் தனியார் ஆட்கள் அரசரிடம் உரிமை வாங்கி விளக்குக் கட்டி, துறைமுகத்தில் ஒதுங்குகிற கப்பல்களிடம் கட்டணம் வசூலித்திருக்கிறார்கள். பிறகு எல்லாம் டிரினிட்டி ஹவுஸ் என்கிற அமைப்பின் கைக்குப் போனது. கோஸ் சொன்னதற்கு மறுப்புகளும் வந்தன, அது பெரிய கதை. எனக்கு வேண்டியது ஒரே விஷயம்: ஒவ்வொரு விளக்குக்கும் பின்னால் ஒரு கணக்குப் புத்தகம் இருந்தது. எண்ணெய் யார் வாங்குவது, ஆளுக்கு யார் சம்பளம் கொடுப்பது என்று எழுதியிருந்தது.

சோழனுக்கும் அது தெரியும். அவன் பரம்பரை என்று மீசை முறுக்குகிற நமக்குத்தான் தெரியவில்லை. சோழர் கல்வெட்டுகளில் எது அதிகம் என்று கேட்டால் சண்டை, கப்பல் என்று சொல்வீர்கள். கோயில் சுவர்களைப் போய்ப் பாருங்கள், சலிக்கச் சலிக்க வருவது விளக்குக் கணக்கு. ஒரு நந்தா விளக்கு, அதாவது ராத்திரி பகல் அணையாத விளக்கு எரியணும் என்றால் பெரும்பாலும் 90 அல்லது 96 ஆடு கொடுப்பார்கள். ஆட்டை வாங்கிக்கொள்கிற இடையர் தினமும் ஒரு உழக்கு நெய் கோயிலுக்கு அளக்கணும். அந்த ஆடுகளுக்குக் கல்வெட்டு வைத்த பெயர் 'சாவா மூவாப் பேராடு'. சாகாத, கிழடாகாத ஆடு! குட்டி போட்டுக்கொண்டே இருக்கும், கிழடு கழிந்துகொண்டே இருக்கும், தலைக்கணக்கு மட்டும் 96-லிருந்து குறையக்கூடாது. அசலைத் தொடாதே, வட்டியில் விளக்கு எரி. இன்றைக்கு நாங்கள் கோட் போட்டுக்கொண்டு பவர்பாயிண்டில் 'கார்ப்பஸ் ஃபண்ட்' என்று சொல்வதை ஒரு இடையனும் ஒரு கோயில் கணக்கனும் ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் ரெண்டு வார்த்தையில் முடித்துவிட்டார்கள். (நம்ம காலத்துப் 'பெர்பெச்சுவல் பாண்டு' எவ்வளவு பெர்பெச்சுவல் என்று 2020-ல் பார்த்தோம். அதைப் பற்றி நான் பேசக்கூடாது, வேலை போய்விடும்.)

இன்னும் கேளுங்கள். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் ஆடுமாடு வாங்கினவர் பெயரோடு அவருக்கு ஜாமீன் நின்ற உறவினர்கள் பெயரும் வெட்டியிருக்கிறது. இவர் நெய் அளக்காவிட்டால் அவர் அளக்கணும். கேரண்டி கையெழுத்து! அதுவும் கல்லில். கடைசியில் இந்தத் தர்மத்தைக் காப்பாற்றுகிறவன் காலை என் தலைமேல் வைத்துக்கொள்கிறேன் என்று கொடுத்தவர் சொல்வதாகவும் பல கல்வெட்டில் வரும். ஒரு உழக்கு நெய்க்கு இவ்வளவு ஏற்பாடு. எங்கள் வேதாரண்யத்தை எடுத்துக்கொள்ளுங்கள், 'வேதாரண்யம் விளக்கழகு' என்பது ஊரறிந்த சொலவடை. அணையப்போன விளக்கின் திரியைத் தெரியாமல் தூண்டிவிட்ட எலி, அடுத்த பிறவியில் மகாபலிச் சக்கரவர்த்தியாகப் பிறந்தது என்பது அந்தக் கோயில் புராணம். திரி தூண்டின எலிக்கே சாம்ராஜ்யம் எழுதிவைத்த ஊருக்குப் பத்து கிலோமீட்டரில் நின்ற விளக்குக்கு நாம் எழுதிவைத்தது என்ன?

சரி, இந்தக் காலத்துக்கு வருவோம். யாருடைய பொறுப்பு என்று கேட்டால் பதில் சொல்ல நாலு பேர் இருக்கிறார்கள். நூறு வருஷத்துக்கு மேற்பட்ட சின்னங்களுக்கு 1958-ல் மத்தியச் சட்டம், 1966-ல் தமிழ்நாட்டுச் சட்டம். கோடிக்கரை 1967-லிருந்து வனவிலங்குச் சரணாலயம், ஆகவே வனத்துறை. கலங்கரை விளக்கம் என்பதால் மத்தியக் கப்பல் துறையின் கீழ் ஒரு இயக்குநரகம். 1927-ன் பழைய லைட்ஹவுஸ் சட்டத்தைத் தூக்கிவிட்டு 2021-ல் புதுச் சட்டம் கொண்டுவந்தார்கள். அதில் 'பாரம்பரியக் கலங்கரை விளக்கம்' என்று அறிவித்து கல்வி, கலாசாரம், சுற்றுலாவுக்காக மேம்படுத்தலாம் என்று நல்ல ஏற்பாடு இருக்கிறது. ஆனால் அது மத்திய அரசின் கையில் இருக்கிற விளக்குகளுக்கு. 2024 பிப்ரவரி 28-ஆம் தேதி தூத்துக்குடியில் பிரதமர், 75 கலங்கரை விளக்கங்களில் சுற்றுலா வசதிகளை அர்ப்பணித்தார். லிஃப்ட், பூங்கா, சிற்றுண்டி. வேண்டாம் என்று சொல்லவில்லை. எங்கள் ஆபீஸ் மங்களூர்க்காரர் காபு லைட்ஹவுஸ் (1901-ல் கட்டினது, உடுப்பி பக்கம்) மேலே நின்று எடுத்த படத்தைத்தான் டெஸ்க்டாப்பில் வைத்திருக்கிறார், பார்க்க அழகாகத்தான் இருக்கிறது.

ஆனால் ஏணி இல்லாத, லென்ஸ் இல்லாத, டிக்கெட் கிழிக்க வாசல் இல்லாத, இடிந்த செங்கல் மேட்டுக்கு எந்தச் சட்டத்தில் எந்தப் பிரிவு? ஓடுகிற விளக்குகளுக்குக் கப்பல்களிடம் கட்டணம் வசூலிக்கிறார்கள், சரி. செத்த விளக்குக்கு எந்தக் கப்பல் கட்டும்? எங்கள் கணக்கில் தேய்மானம் முழுக்கக் கழித்த பழைய பீரோவைக்கூட ஒரு ரூபாய் மதிப்பு போட்டு ரிஜிஸ்டரில் வைத்திருப்போம். பொருள் இருக்கிறது என்று காட்டுவதற்கு அந்த ஒரு ரூபாய். ஒரு பாட்டி 312 ரூபாயை எஸ்.பி. கணக்கில் போட்டுவிட்டு மறந்துபோனால், பத்து வருஷம் கழித்து அது ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போகணும் என்று 2014-லிருந்து விதி இருக்கிறது. அதற்கப்புறமும் பாட்டியோ பேத்தியோ வந்து கேட்டால் கொடுக்கணும். யாரும் கேட்காத 312 ரூபாய்க்கு இந்த நாட்டில் பொறுப்பான ஆள் உண்டு. கோடிக்கரை கோபுரம் 2004-க்கு முன்னால் எந்த ரிஜிஸ்டரில், எந்தப் பக்கத்தில், யார் கையெழுத்தில் இருந்தது?

பிரயோஜனம் கேட்ட நண்பருக்கு இப்போது பதில். டென்மார்க்கின் வடமேற்குக் கரையில் ரூபியர்க் க்னூட என்று ஒரு இடம். மணல்மேடு, மொட்டைக் காற்று, நம்ம கோடிக்கரைக்கு ஒண்ணுவிட்ட அண்ணன் மாதிரி. 1900-ல் அங்கே ஒரு கலங்கரை விளக்கம் கட்டினார்கள். கட்டும்போது கடல் 200 மீட்டர் தள்ளி இருந்தது. மணல் ஏறி ஏறி வெளிச்சத்தையே மறைத்தது. 1968-ல் விளக்கை அணைத்துவிட்டார்கள். அப்புறம் மியூசியம் வைத்துப் பார்த்தார்கள், அதையும் மணல் தின்றது. கடல் கரையைத் தின்று தின்று கோபுரத்துக்கு ஆறு மீட்டர் பக்கத்தில் வந்துவிட்டது. அணைந்து அரை நூற்றாண்டு ஆன விளக்கு, ஒரு கப்பலுக்கும் உதவாது. என்ன பண்ணினார்கள் தெரியுமா? 2019 அக்டோபர் 22-ஆம் தேதி, 720 டன் எடையுள்ள கோபுரத்தை அடியோடு அறுத்து, தண்டவாளத்தில் ஏற்றி, 70 மீட்டர் உள்ளே நகர்த்தினார்கள். பொறுப்பெடுத்துச் செய்தவர் உள்ளூர்க் கொத்தனார். அரசாங்கம் 50 லட்சம் குரோனர் கொடுத்தது. இதில் இன்னொன்று, அந்தக் கடல் நாற்பது வருஷம் போல் கழித்து மறுபடி அங்கேயும் வரும் என்று அவர்களுக்குத் தெரியும். தெரிந்தே நகர்த்தினார்கள்.

அமெரிக்காவில் வட கரோலினா மணல் தீவில் கேப் ஹட்டராஸ் கோபுரம் (1870-ல் கட்டினது). 4,800 டன் சமாசாரத்தை 1999-ல் 23 நாளில் 2,900 அடி உள்ளே கொண்டுபோனார்கள். ஸ்பெயினில் ரோமானியர் கட்டின ஹெர்குலிஸ் கோபுரம் இன்னும் எரிகிறது, 2009-ல் உலகப் பாரம்பரியச் சின்னமும் ஆகிவிட்டது. "அவன் பணக்காரன், செய்வான்" என்று சொல்லாதீர்கள். கோபுரத்தை நகர்த்தச் சொல்லி யாரும் கேட்கவில்லை. அளந்து, படம் எடுத்து, சுற்றி ஒரு வேலி போட்டு, காரை உதிர்கிற இடத்தில் சுண்ணாம்பு பூச என்ன பெரிய பணம்? ஒரு கோடி ரூபாயை ஏழு சதவீத வட்டிக்குப் போட்டால் வருஷம் ஏழு லட்சம், மாதம் 58,000 சொச்சம். ரெண்டு காவலாளி சம்பளமும் பராமரிப்பும் அதற்குள் முடிந்துவிடும், அசல் அப்படியே இருக்கும். சாவா மூவாப் பேராடு! அந்தப் படத்துக்கு பெங்களூர் மல்டிபிளெக்ஸ்களில் தமிழர்கள் வாங்கின பாப்கார்ன் காசே ஒரு கோடியைத் தாண்டியிருக்கும் என்று எனக்குச் சந்தேகம்.

வெளிநாடு எதற்கு? பெங்களூரையே பாருங்கள். லால்பாக் பாறை மேல் ஒரு சின்னக் கோபுரம் நிற்கிறதே, கெம்பேகவுடா கோபுரம். அதுபோல நாலு: கெம்பாம்புதி ஏரிக்கரை, அல்சூர் ஏரிப் பக்கம், மேக்ரி சர்க்கிள் பக்கம் மற்ற மூணு. ஊர் இதுவரைக்கும் வளரும் என்று போட்ட எல்லை என்பார்கள். ஊர் அந்த எல்லையைத் தாண்டி ஒசூரையே தொட்டுவிட்டது. இன்றைய தேதிக்கு அந்தக் கோபுரங்களால் யாருக்கு என்ன பிரயோஜனம்? மேக்ரி சர்க்கிளில் ஒரு சென்ட் என்ன விலை என்று ரியல் எஸ்டேட் நண்பர்களைக் கேளுங்கள். ஆனாலும் நிற்கிறது. கன்னடக்காரர்கள் அதை இடிக்கிற பேச்சே எடுக்கமாட்டார்கள். எத்தனையோ ஏரியைத் தூர்த்து பஸ் ஸ்டாண்டும் லேஅவுட்டும் போட்ட இதே ஊரில்தான் சொல்கிறேன்.

சென்னையிலும் ஒன்று நிற்கிறது. ஹைகோர்ட் வளாகத்துக்குள் 1844-ல் எரிய ஆரம்பித்த பழைய கலங்கரை விளக்கத் தூண். 1894-ல் விளக்கை ஹைகோர்ட் கும்பத்துக்கே மாற்றிவிட்டார்கள், 1977-ல் மெரினாவுக்கு. தூண் மட்டும் அங்கேயே இருக்கிறது. சுற்றிலும் வக்கீல்கள் இருந்தால் யார் கை வைப்பான்!

கோடிக்கரை கோபுரத்தைச் சுற்றி வெளிமானும் மீனவர்களும்தான். ஓட்டு வங்கியும் இல்லை, எங்கள் வங்கியும் இல்லை.

அடித்தளம் இன்னும் கிடக்கிறது என்பதால்தான் இவ்வளவும் எழுதுகிறேன். அதுவும் நிரந்தரம் இல்லை. 2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல் அந்தப் பக்கம்தான் கரையேறியது, கோடிக்கரைக் காட்டில் விழுந்த மரங்களுக்குக் கணக்கில்லை. அடுத்தது எந்த வருஷமோ. அதற்குள் மாநிலத் தொல்லியல் துறை ஒரு சீசன் அங்கே தோண்டிப் பார்க்கட்டும். கீழடிக்கும் கொற்கைக்கும் போனவர்கள் இதற்கும் போகலாம். வனத்துறை அனுமதி வாங்குவது கஷ்டம் என்பார்கள். ரெண்டும் ஒரே அரசாங்கத்தின் துறைகள்தான், ஒரே மாவட்ட ஆட்சியர்தான் மீட்டிங் போடுகிறார். ரெண்டு சாண் செங்கல் மேட்டைத் தோண்டினால் வெளிமான் கோபித்துக்கொள்ளாது. பழைய கோபுரம் மாதிரியே புதுசா சிமெண்டில் கட்டி, வாசலில் வந்தியத்தேவன் சிலை வைக்கிறோம் என்று யாராவது கிளம்பினால் மட்டும் தயவுசெய்து தடுங்கள். இருக்கிறதை இருக்கிறபடி, அளந்து, எழுதி, பொறுப்பாளர் பெயரோடு வையுங்கள். ஜாமீன் கையெழுத்து வேண்டுமென்றால் நான் போடுகிறேன். இந்தப் பதிவைப் படிக்கிற தஞ்சை, திருவாரூர், நாகைக்காரர்கள் நூறு பேராவது போடுவார்கள் என்று நம்புகிறேன்.

பி.கு. 1: போய்ப் பார்க்க நினைப்பவர்களுக்கு. பெங்களூரிலிருந்து வேளாங்கண்ணிக்கு ராத்திரி பஸ் இருக்கிறது, அங்கிருந்து வேதாரண்யம், பிறகு கோடிக்கரை டவுன் பஸ். ரயில் பிரியர்கள் திருத்துறைப்பூண்டியில் இறங்கி அகஸ்தியம்பள்ளி வரைக்கும் போகலாம், அகலப்பாதை ஆக்கி 2023 ஏப்ரலில் அந்த லைனைத் திரும்பத் திறந்துவிட்டார்கள். மத்தியான வெயிலில் போகாதீர்கள். செங்கல் எதையும் ஞாபகார்த்தமாக எடுத்து வராதீர்கள்.

பி.கு. 2: 2004-க்கு முன்னால் அமாவாசைக்குக் கோடிக்கரை போன குடும்பங்கள் நிறைய இருக்கும். வீட்டு ஆல்பத்தில் தேடுங்கள். மாமாவும் சித்தியும் கரையில் நிற்கிற படத்தின் பின்னால் அந்தக் கோபுரம் விழுந்திருக்கலாம். வேறு வேறு பக்கத்திலிருந்து எடுத்த படங்கள் சேர்ந்தால் அதன் உயரம், அகலம் எல்லாவற்றையும் கணக்குப் போட்டு எடுக்க இன்றைக்கு மென்பொருள் இருக்கிறது. ஸ்கேன் பண்ணி, எடுத்த வருஷம் தெரிந்தால் அதையும் எழுதி அனுப்புங்கள். பக்கத்தில் நிற்கிற ஆள் யார், அவர் உயரம் என்ன என்று சொன்னால் இன்னும் நல்லது, அவரையே அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம்.